ரிட்டர்ன் லோடு

அந்த ஒயரைக் காதுல இருந்து சித்த எடு கண்ணு. பஸ்சை விட்டு எறங்கற வரைக்கும் பாட்டு எங்கயும் ஓடிப்போயிடாது. ஆறு மணிக்குள்ள நான் ஒரு முடிவு பண்ணியாகோணும், தனியா உக்காந்து முடிவு பண்ற பழக்கம் எனக்கு இல்லை. எங்க ஆபீசுல எந்நேரமும் சுத்தி நாலு பேரு இருப்பாங்க. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், கேட்டாப் போதும். நான் பேசிப் பேசியே ஒரு வழிக்கு வந்துருவேன்.

விசயம் இதுதான். என்ற மாப்பிள்ளை என்கிட்ட பேசி ஒம்பது நாளாச்சு. "சாப்பிட்டேனுங்க அத்தை", "போதுமுங்க அத்தை", இதெல்லாம் பேச்சுல சேராது. எதனால பேசலைன்னா, அவரோட வண்டியை அவரைக் கேக்காம நான் வித்துப்போட்டேன். பயந்துக்காத, நெசமான வண்டி இல்லை. கம்ப்யூட்டர்ல வெளையாடறாங்களே, ஆகாயத்துல போற வண்டி, அது. கப்பல்னு சொல்றாங்க. தண்ணியே இல்லாத எடத்துல என்ன கப்பல், நான் வண்டின்னே சொல்லிக்கறேன்.

இப்ப வாங்கினவன் திருப்பித் தாறேங்கறான். வித்த வெலைக்கு மேல பாதி சேர்த்துக் கேக்கறான். இன்னைக்கு ஆறு மணி வரைக்கும் கெடு. அது தாண்டுச்சுன்னா வண்டியை ஒடச்சு உருப்படி உருப்படியா வித்துருவானாம். காசு என்ற பொறுப்புல இருக்குது. நாலு எண்ணுல ஒரு ரகசிய நம்பரு, அது எனக்கு மட்டுந்தான் தெரியும். அதை நான் சொன்னாத்தான் காசு நகரும். மணி என்ன ஆச்சு? நாலே முக்காலா? நான் நம்பரைச் சொல்றதா இல்லை, அதையும் மொதல்லயே சொல்லிப்போடறேன்.

நமக்குச் சங்ககிரி. பேரு மயிலாத்தாள். லாரி புக்கிங் ஆபீசு, இருபத்தாறு வருசமா. போர்டுல எங்க ஊட்டுக்காரரு பேரு இருக்கும், நடத்தறது நான். அவரு நல்ல மனுசன், அதனால தொழிலுக்கு ஆகமாட்டாரு. எந்த ஊர்ல என்ன சரக்கு கெடக்குது, எவன் வண்டி எங்க சும்மா நிக்குது, ரெண்டையும் சேர்த்து வெக்கறதுதான் நம்ம வேலை. கல்யாணத் தரகு மாதிரின்னு வெச்சுக்கயேன்.

லாரித் தொழில்ல ஒரே ஒரு பாவந்தான் கண்ணு. காலி வண்டி ஓட்டறது. சிமெண்டு ஏத்திட்டு போறியா, போ. எறக்கின எடத்துல இருந்து வாறப்ப எதையாச்சும் ஏத்திட்டு வரோணும். பழைய இரும்போ, வெங்காயமோ, வைக்கப்போரோ. ரிட்டர்ன் லோடு இல்லாம வந்தா டீசலும் டயரும் தேஞ்சது தேஞ்சதுதான். அதா, நம்மளை முந்தீட்டுப் போறான் பாரு, டி.என். அம்பத்திரண்டு, எங்க ஊரு வண்டி. தார்ப்பாயை மடிச்சு முன்னால கட்டியிருக்கான், பாடி எப்படிக் குதிக்குது பாரு. ஒசூர்ல இருந்து காலியா போறான். எனக்கு வயிறு எரியுது.

சரி, விசயத்துக்கு வாறேன். எம் பொண்ணு அபிநயாவும் மாப்பிள்ளை தரணிதரனும் பெங்களூர்ல இருக்காங்க. ரெண்டு மாசத்துக்கு முந்தி மாப்பிள்ளை ஷட்டில் வெளையாடறேன்னு போயி காலை ஒடச்சுக்கிட்டாரு. ஆறு வாரம் மாவுக்கட்டு. பொண்ணுக்கு தெனமும் ஆபீசு போயாகோணும். ஒரு சுடுதண்ணி வெச்சுக் குடுக்கக்கூட ஊட்டுல ஆளில்லைன்னு போன்ல சொன்னா, நான் பொட்டியைக் கட்டிட்டு வந்துட்டேன். மத்தபடி நான் எதுலயும் தலையிடறவ கெடையாது. கேட்டுப் பாரு யாரை வேணும்னாலும்.

வந்து பார்த்தா, பகல் பூரா அந்த ஊட்டுல நானும் அவருந்தான். எங்க பக்கம் மாப்பிள்ளை முன்னால மாமியார் உக்கார்ற வழக்கம் இல்லை. நான் சமையக்கட்டு நெலவுல, கதவு வாசப்படியில, நின்னுட்டு "இன்னொரு தோசை வெக்கட்டுங்களா"ன்னு கேப்பேன். அவரு தட்டைப் பார்த்துட்டே "போதுமுங்க"ம்பாரு. அதோட அன்னைய பேச்சு முடிஞ்சுது. கல்யாணமாகி வர்ற தை மாசத்தோட மூணு வருசம் ஆகுது, நாங்க ரெண்டு பேரும் பேசினதை எல்லாம் சேர்த்தா ஒரு போஸ்ட் கார்டு நெறையாது.

ஒரு நாள் காப்பி குடுக்கப் போறேன், டி.வி. அகலத்துக்கு ஒரு கம்ப்யூட்டரை வெச்சு எதையோ ஓட்டீட்டு இருந்தாரு. கறுப்பா இருட்டு, அங்கங்க புள்ளி புள்ளியா வெளிச்சம். வேற ஒண்ணுங் காணோம். மறுபடி டம்ளர் எடுக்கப் போறேன், அதே இருட்டு, அதே புள்ளி. மத்தியானம் சோறு போடப் போறேன், அப்பவும் ஓடீட்டே இருக்குது. எனக்குப் பொறுக்கலை. "என்ன லோடுங்க மாப்பிள்ளை?"ன்னு கேட்டுட்டேன்.

"லோடு ஒண்ணும் இல்லைங்க அத்தை. சும்மா போறேன்"னாரு.

"வாறப்ப?"

"வாறப்பவும் சும்மாதாங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீயே நெனச்சுப் பாரு. என்ற பொண்ணைக் கட்டினவரு, பி.ஈ. படிச்சவரு, போக வரக் காலி.

அப்புறம் அவரே வெவரம் சொன்னாரு. அந்த வெளையாட்டுல நமக்குப் புடிச்ச தொழிலை நாமளே பொறுக்கி எடுத்துக்கலாமாம். ஒவ்வொண்ணா சொல்லச் சொன்னேன், நெலவுல நின்னுட்டேதான். பறக்கற பாறையைக் கொடஞ்சு தாது எடுக்கறது ஒண்ணு. அது குவாரித் தொழிலுங்க மாப்பிள்ளை, எங்க அண்ணன் குவாரி வெச்சு நொந்து போனதைப் பார்த்தவ நான், வேண்டாம்னேன். திருடனைத் தொரத்திப் புடிச்சுக் குடுத்தா காசு, அது ஒண்ணு. இன்னைக்கு நீங்க அடிப்பீங்க, நாளைக்கு அவன் அடிப்பான், வர்ற காசு பட்டறைக்கே போயிரும்னேன். ஆளு ஏத்திட்டுப் போறது ஒண்ணு. அது ஆம்னி பஸ்சு. சன்னலோரம் வேணும்பான், ஏசி பத்தலைம்பான், வாந்தி எடுப்பான். உன்னைச் சொல்லலை கண்ணு, பொதுவாச் சொல்றேன். மூட்டை வாயைத் தொறக்காது. கள்ளச் சரக்கு ஓட்டறதும் இருந்துச்சு. அதுலதான் லாபம் நல்லா இருந்துச்சு, ஆனா மாப்பிள்ளைகிட்ட அதைச் சொல்ல முடியுமா, ஒரு கௌரவம் இருக்குதில்ல.

"நீங்க பண்றது என்ன தொழிலுங்க?"ன்னேன். யாரும் போகாத எடமாத் தேடிப் போயி, பார்த்து, எழுதி வெக்கறதாம். இதுக்கு யாரு கூலி தர்றதுன்னு கேட்டேன். கொஞ்சம் தருவாங்களாம், போன செலவுக்கு ஆகாதாம். பின்ன எதுக்குப் போறதுன்னா, பார்க்கறதுக்காம்.

நான் ஒண்ணுஞ் சொல்லலை. சரக்கு ஓட்டறதுதான் தொழிலு, போக ஒரு லோடு வர ஒரு லோடு, ரெண்டு ஊரையும் நான் பார்த்துத் தாறேன்னு மட்டும் சொன்னேன். மனுசன் சிரிச்சாரு. மூணு வருசத்துல அன்னைக்குத்தான் அவரு பல்லைப் பார்த்தேன், வரிசையா நல்லா இருந்துச்சு. "நீங்களே வந்து பாருங்க அத்தை"ன்னு பக்கத்துல ஒரு சேரை இழுத்துப் போட்டாரு. அந்தக் காலோட எந்திரிச்சு இழுத்துப் போட்டாரு. நான் உக்காந்தேன். மாப்பிள்ளைக்குப் பக்கத்துல சேர்ல உக்காந்தேன், எங்க அம்மா இருந்திருந்தா மயக்கம் போட்டிருக்கும்.

அதுக்கப்புறம் மூணு வாரம் கண்ணு. சொன்னா நம்பமாட்ட. அவரு கம்பெனி ஒண்ணு ஆரம்பிச்சாரு, என்னையும் பங்குல சேர்த்தாரு, கல்லாவை என்கிட்டயே குடுத்து, ரகசிய நம்பரையும் என்னையே வெச்சுக்கச் சொன்னாரு. ஒரு ஊர்ல தானியம் வெளையுது, அங்க டாக்டரு இல்லை. இன்னொரு ஊர்ல மருந்து பண்றாங்க, வயக்காடு இல்லை. இதைக் கண்டுபுடிக்க எதுக்கு கண்ணு ராக்கெட்டு படிப்பு? போக தானியம், வர மருந்து. அவரு ஓட்ட, நான் ரேட்டு பேச. "அத்தைங்க, அங்க இரும்பு வெலை ஏறியிருக்குது"ம்பாரு. "ஏறட்டும், நாளைக்கு எறங்கும், பொறுங்க"ம்பேன். எறங்கும். ஒரு வண்டி மூணு வண்டி ஆச்சு. சாயங்காலம் அபி வந்து பார்த்தா, சட்டியில சாம்பார் கொதிச்சு வத்தியிருக்கும், நாங்க ரெண்டு பேரும் எறக்குக் கூலிக்கு வாக்குவாதம் பண்ணீட்டு இருப்போம். அவ பையைக்கூட எறக்கி வெக்காம நின்னு சிரிப்பா. எனக்கு ஆம்பளைப் புள்ளை இல்லை கண்ணு. இருந்திருந்தா இப்படித்தான் இருந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். அவ்வளவு சந்தோசமா இருந்தேன், அதைச் சொல்லாம எப்படி.

அந்தப் பழைய வண்டிதான் கண்ணை உறுத்தீட்டே இருந்துச்சு. சரக்கு ஓட்ட ஆரம்பிச்சதுல இருந்து அது வண்டி நிறுத்தற செட்டுல சும்மா நிக்குது. நிக்கற எடத்துக்கு தெனமும் வாடகை. மாப்பிள்ளை நடுநடுவுல அங்க போயி ரெண்டு நிமிசம் அதுக்கு முன்னால நின்னு பார்த்துட்டு வருவாரு. துடைக்கறாராக்கும்னு நெனச்சேன்.

ஒரு நாள் அதுல ட்ரிப் சீட்டு இருக்குதான்னு தேடினேன். எந்த வண்டிக்கும் ட்ரிப் சீட்டுன்னு ஒண்ணு இருக்கும், எங்க போச்சு, எங்க நின்னுச்சு, என்ன ஏத்துச்சு, எவ்வளவு டீசல் குடிச்சுச்சுன்னு எழுதி இருக்கும். இதுலயும் இருந்துச்சு. அஞ்சாறு வருசத்துக் கணக்கு. இங்கிலீசுதான், ஆனா ட்ரிப் சீட்டுக்கு என்ன இங்கிலீசு, எந்த பாசையில எழுதினாலும் எனக்குப் புரியும். லோடுங்கற எடத்துல மேல இருந்து கீழ வரைக்கும் முட்டை. அது போகட்டும். அஞ்சு வருசத்துக்கு முந்தி ஆகஸ்ட் மூணாந்தேதி ஒரு வரி. நடுவழியில டீசல் தீந்து போயி நின்னுட்டிருந்த ஒரு வண்டிக்கு இவரு பதினாலு டன் டீசல் குடுத்திருக்காரு. வாங்கினது? ஒண்ணுமில்லை. தானம். ஆகஸ்ட் மூணு என்ன நாளு? ஆடிப் பதினெட்டு. நோம்பி நாளும் அதுவுமா பதினாலு டன்னு.

வாங்கின வண்டியோட டிரைவர் பேரும் போட்டிருந்துச்சு. கத்திரிப்பூ. அந்த வெளையாட்டுல அவங்கவங்க இஷ்டத்துக்குப் பேரு வெச்சுக்குவாங்களாம். எவன் பெத்த புள்ளையோ, கெளம்பறப்ப டீசல் முள்ளைக்கூடப் பார்க்காம ஆகாயத்துல வண்டியை எடுத்துட்டு வந்திருக்குது. பெத்தவங்க என்னத்தைச் சொல்லிக் குடுத்து வளர்த்தாங்களோ.

எதுக்கு கண்ணு சிரிக்கற? கேளு, இன்னும் இருக்குது. அத்தோட விட்டாரா? மறுநாள்ல இருந்து தெனமும் சாயங்காலம் ஒரே எடத்துல ரெண்டு மணி நேரம் ஹால்ட்டிங். பக்கத்துல அதே கத்திரிப்பூ வண்டி. ஆறு மாசம் இப்படி. அப்புறம் கத்திரிப்பூ தன்ற வண்டியை ஓரங்கட்டிப்போட்டு இவரு வண்டியில கிளீனர் சீட்டுல ஏறிக்கிச்சு. கண்காணாத தூரமெல்லாம் ரெண்டு பேரும் போயிருக்காங்க. டிக்கெட் காசு ஒரு பைசா வாங்கலை. இப்படியும் ஒரு மனுசன் இருப்பாரா, ஏமாளியா இருக்காரேன்னு எனக்கு ஒரே வெசனம்.

அன்னைக்குத்தான் இவரை இந்தக் காலி ஓட்டத்துல இருந்து மீட்டுப்போடோணும்னு முடிவு பண்ணினேன். வண்டி கண்ணு முன்னால நின்னாத்தான் கை போகும். மாவுக்கட்டு பிரிக்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாங்க. அன்னைக்குப் பார்த்து ஒருத்தன், வடக்க இந்தூர்க்காரன், பழைய மாடல் வண்டி வெலைக்கு இருக்குதான்னு எழுதிக் கேட்டான். அந்த மாடல் இப்ப வர்றதில்லையாம், சேர்த்து வெக்கறவனாம். எனக்கு லாரிக்காரங்ககிட்ட பேசிப் பேசி இந்தி வரும், எழுதத்தான் வராது, இங்கிலீசு எழுத்துல தட்டிவிட்டேன். மொதல்ல அவன் சொன்னதுக்கு நான் பதிலே போடலை. பதில் போடலைன்னா தன்னால ஏறுவாங்க. நாலு தடவை ஏறினான். அஞ்சாவது தடவை முடிச்சேன். அந்தக் காசுல ஒரு பெரிய சரக்கு வண்டி, புதுசு. மாப்பிள்ளை நொண்டாம வர்ற நாளுக்கு ஒரு பரிசா இருக்கட்டும்னு. பருப்பும் வெல்லமும் வெச்சு ஒப்புட்டு வேற தட்டி வெச்சிருந்தேன்.

வந்தாங்க. பெருமையாக் காட்டினேன். அபி கையில இருந்த மாத்திரைப் பையை அப்படியே கீழ விட்டுட்டா. "என்னம்மா பண்ணி வெச்சிருக்க, அந்த வண்டியிலதாம்மா"ன்னு ஆரம்பிச்சவ சட்டுன்னு வாயை மூடிக்கிட்டா. கண்ணுல தண்ணி. மாப்பிள்ளை அந்தக் காலியா இருந்த செட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாரு. "பரவாயில்லைங்க அத்தை"ன்னாரு. சொல்லிட்டு மெதுவா உள்ள போயிட்டாரு. ஒப்புட்டை ரெண்டு பேரும் தொடலை.

பரவாயில்லைன்னு சொன்னவரு ஒம்பது நாளா பேசலைன்னா அது என்ன பரவாயில்லை? திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். பக்கத்துல இருந்த சேரு மறுபடி சாப்பாட்டு மேசைக்குப் போயிருச்சு. நான் மறுபடி நெலவுல நின்னேன்.

அபிதான் அந்த இந்தூர்க்காரனைத் தேடிப் புடிச்சுப் பேசினா. அவந்தான் இந்த வெலையும் கெடுவும் சொன்னான். காசு குடும்மான்னு கேட்டா. நான் முடியாதுன்னுட்டேன். வித்த வண்டியை வித்த வெலைக்கு மேல குடுத்துத் திருப்பி வாங்கினா, நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? தொழில்னா ஒரு மொறை இருக்குது. மத்தியான பஸ்சுக்குக் கெளம்பறேன்னு இன்னைக்குக் காத்தால சொன்னேன், யாரும் இருங்கன்னு சொல்லலை. மாப்பிள்ளைதான் அந்தக் காலோட பையைத் தூக்கிட்டு பஸ்சு வரைக்கும் வந்தாரு. சன்னலோரம் பார்த்து உக்கார வெச்சாரு, தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தாரு, மூடி இறுக்கமா இருக்குதுன்னு தொறந்து குடுத்தாரு. வாயைத் தொறக்கலை.

குணம் அப்படி கண்ணு. நான் சல்லடை போட்டுச் சலிச்சு எடுத்த மாப்பிள்ளை. பதினேழு சாதகம் பார்த்தேன், ஒண்ணும் அமையலை. அபிதான், "அந்த ஒசூர் தரகரையும் ஒரு தடவை கேட்டுப் பாரும்மா"ன்னா. அவரு அனுப்பின மொத சாதகமே இதுதான். பெருந்துறைப் பக்கத்துக் குடும்பம், பத்துக்கு எட்டுப் பொருத்தம். பொண்ணு பார்க்க வந்தப்ப மாப்பிள்ளை போட்டுட்டு வந்த சட்டை என்ன கலர்னு நெனக்கற? கத்திரிப்பூ கலரு. எங்க அபிக்கு சின்னதுல இருந்து அந்தக் கலருன்னா உசிரு, பாவாடை, பென்சில் டப்பா, சைக்கிள் எல்லாம் அதுதான். யாரும் சொல்லிக் குடுக்காம அப்படி ஒரு சட்டை போட்டுட்டு வந்தாருன்னா அதுதான கண்ணு பொருத்தம். காப்பி குடுக்கறப்ப இவ அவருக்குச் சக்கரை ஒரு ஸ்பூனு கொறச்சுப் போட்டா. கேட்டா, பார்த்தாலே தெரியுதும்மாங்கறா. எங்க ஊட்டுக்காரரு அந்தப் பக்கம் திரும்பிட்டு இருமீட்டே இருந்தாரு.

நீ எதுக்கு இப்ப கர்ச்சீப்பை வாயில வெச்சுக்கற? நான் என்ன தமாசா பேசறேன்?

என்ன கேட்ட? அந்த ஆடிப் பதினெட்டு எம் பொண்ணு எங்க இருந்தான்னா? அவ எங்க இருந்தா உனக்கென்ன. ஊட்டுலதான் இருந்தா. அப்ப ஈரோட்டுல காலேஜு கடைசி வருசம், லீவுக்கு வந்திருந்தா. நாங்க எல்லாம் பவானி கூடுதுறைக்குப் போனோம், அவ மட்டும் தலைவலின்னு வரலை. ரூமுக்குள்ள கம்ப்யூட்டரை வெச்சுட்டு உக்காந்திருந்தா. நல்லா ஞாபகம் இருக்குது, நாங்க திரும்பி வர்றப்ப மூஞ்சி அப்படிப் பளிச்சுன்னு இருந்துச்சு, தலைவலின்னவளுக்கு. சித்ரான்னத்தை மூணு தடவை வாங்கித் தின்னா. தின்னுட்டே அவங்க அப்பாகிட்ட ஒண்ணு கேட்டா. "ஏப்பா, நடுவழியில வண்டி நின்னு போயி ஒருத்தரு டீசல் குடுத்தா, காசு வாங்குவாங்களா?" அவரு, "அதுக்கெல்லாம் காசு வாங்கமாட்டாங்க சாமி, ஒரு டீ வாங்கிக் குடுத்தாப் போதும்"னாரு. ரோட்டுல அதுதான் வழக்கம். நான் சமையக்கட்டுல இருந்து சத்தம் போட்டேன், ஸ்கூட்டருக்கு மறுபடி பெட்ரோல் ஊத்த மறந்துட்டியாடின்னு. அவளுக்கு எப்பவும் அந்த முள்ளைப் பார்க்கற பழக்கமே...

பழக்கமே கெடையாது.

சித்த இரு கண்ணு.

கல்யாணம் மூணு வருசம். தரகரு வந்தது அதுக்கு மூணு மாசம் முன்னால. ட்ரிப் சீட்டு அஞ்சு வருசம். ஆடிப் பதினெட்டு. சாயங்காலம் ரெண்டு மணி நேரம். அவ ஈரோட்டுல இருந்து சாயங்காலம் போன் பண்றதை நிறுத்தினது அந்த வருசந்தான். படிக்கறேம்மா, எட்டு மணிக்கு மேல பேசுன்னா. நானும் பக்கத்து ஊட்டுல எல்லாம் சொன்னேன், எம் பொண்ணு சாயங்காலமானா புஸ்தகமுங் கையுமா இருக்காள்னு.

கிளீனர் சீட்டு.

அட, என்னைப் பெத்தவளே. பெத்தவங்க என்னத்தைச் சொல்லிக் குடுத்து வளர்த்தாங்களோன்னு இந்த வாயாலதான கேட்டேன். ஊரு ஊராப் போயி பதினேழு சாதகம் பார்த்தேன், பஸ்சுக்குக் குடுத்த காசே எவ்வளவு. அந்த மனுசன் இருமினாரே, அவருக்கும் தெரிஞ்சிருக்குது. தரகரு மொதக்கொண்டு எல்லாருமா சேர்ந்து எனக்கு லோடு ஏத்தி விட்டிருக்காங்க. இருபத்தாறு வருசமா புக்கிங் ஆபீசு நடத்தறவகிட்டயே.

நீ தாராளமாச் சிரி, இனி என்ன.

நான் அவரைக் காலி வண்டி ஓட்டறாரு, காலி வண்டி ஓட்டறாருன்னு மூணு வாரமாக் கரிச்சுக் கொட்டினேன். அந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லலை. போறப்பத்தான் கண்ணு காலியாப் போயிருக்காரு. வாறப்ப எம் பொண்ணை ஏத்திட்டு வந்துட்டாரு. எந்தப் புக்கிங்காரனும் அவருக்கு அப்படி ஒரு ரிட்டர்ன் லோடு குடுத்திருக்க மாட்டான். அந்த வண்டியைத்தான் நான் இந்தூருக்கு வித்துட்டு ஒப்புட்டு தட்டியிருக்கேன். அதையும் பரவாயில்லைங்க அத்தைன்னாரே.

மணி என்ன? அஞ்சு அம்பதா? இவ்வளவு நேரமாவா பேசினேன்? டோல்கேட்டு தாண்டுனா சிக்னல் இருக்காது, என்ற கண்ணாடி எங்க, நீயே அந்த போன்ல அபின்னு இருக்கறதை அமுத்திக் குடு. வேகமாக் குடு.

அபி. நான்தான். ஆமா, கிருஷ்ணகிரி கிட்ட. உண்டேன், உண்டேன், அதை விடு. நம்பரு சொல்றேன், போட்டுக்க. நம்ம மொத லாரி நம்பருதான், உங்கப்பா கண்டுபுடிச்சிருப்பாரு, உனக்குத்தான் தோணலை. ஆமா. முழுசாவே குடுத்துரு, பேரம் பேசாத, நேரமில்லை. பத்தலைன்னா அந்தப் புது வண்டியை வித்துக்கலாம். அழுகாத சாமி, மொதல்ல காசை அனுப்பு. போச்சா? பாரு நல்லா. போயிருச்சா. செட்டுக்கு வந்துருச்சா? செரி.

மாப்பிள்ளை இருக்காரா? குடு. என்னத்துக்குன்னு உன்கிட்ட சொல்லோணுமா, குடு போனை.

மாப்பிள்ளைங்களா. கால் நோவு எப்படி இருக்குதுங்க? செரி. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். நம்ம கம்பெனி கணக்கைப் பார்த்தேன், ஒரு பாக்கி நிக்குது. அஞ்சு வருசத்துக்கு முந்தி ஆடிப் பதினெட்டன்னைக்கு கத்திரிப்பூன்னு ஒரு வண்டிக்குப் பதினாலு டன் டீசல் போட்டிருக்கீங்க. முள்ளைப் பார்க்காம வண்டி எடுத்த புள்ளை எங்க புள்ளைங்க. பெத்தவங்க நாங்கதான் அதைக் குடுக்கோணும். எவ்வளவுன்னு சொல்லுங்க.

அவருக்குப் பின்னால அபி, ஐயோ அம்மாங்கறா கண்ணு. இரு, இரு.

பேசறாரு.

காசெல்லாம் வேண்டாமுங்களாம். ஒரு டீ வாங்கிக் குடுத்தாப் போதும்ங்கறாரு.